இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் வேறு

கட்டம் போட்ட துணியில் சட்டை தைக்கிறவன் முதலில் பார்ப்பது பக்கத் தையலைத்தான். முன்துண்டின் கட்டமும் பின்துண்டின் கட்டமும் அங்கே ஒரே கோட்டில் சேர வேண்டும். பெங்களூர் ஜோகுபாளையத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன்; என் கண், எதைப் பார்த்தாலும் அந்த இடத்துக்குத்தான் போகும். பன்னேர்கட்டா உயிரியல் பூங்காவில் ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்தபோதும் அப்படித்தான். ஒரு பக்கக் கழுத்தில் நீளமாக ஒரே திட்டு. மறுபக்கம் அதே உயரத்தில் சின்னதாக மூன்று. இரண்டு பக்கமும் சேரவே இல்லை.

கூட இருந்த கூட்டம் செல்ஃபி எடுத்துக்கொண்டு அடுத்த அடைப்புக்கு நகர்ந்தது. அவர்கள்மேல் குறையில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று நமக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ஒட்டகச்சிவிங்கி இருக்கும் பூங்காக்கள் எல்லாம், ஒவ்வொன்றின் இடப்பக்கப் படத்தையும் வலப்பக்கப் படத்தையும் பெயரோடு அடைப்பின் முன்னால் பெரிதாக வைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. 2018இல் மைசூரிலிருந்து பன்னேர்கட்டாவுக்குக் கௌரி என்ற ஒட்டகச்சிவிங்கி வந்ததைப் பேப்பரில் படித்துவிட்டுப் போகும் பிள்ளை, கௌரி எது என்று தானே கண்டுபிடிக்க வேண்டும்.

அது முடியும். பிறக்கும்போது இருக்கும் திட்டுகளின் வடிவம் சாகும்வரை மாறாது. வயதாக ஆக நிறம் மட்டும் கறுக்கும், அதிலும் ஆணுக்கு அதிகம். ஒன்றின் திட்டு அப்படியே இன்னொன்றுக்கு வராது.

இந்த வடிவம் எப்படி வருகிறது என்ற கேள்விக்கு தமிழ்நாட்டோடு ஒரு தொடர்பும் உண்டு. கருவில் வளரும் தோலில் வேதிப்பொருள்கள் பரவி, ஒன்றோடொன்று வினைபுரிந்தே புள்ளியும் கோடும் தோன்றலாம் என்று 1952இல் கணக்குப் போட்டுக் காட்டியவர் ஆலன் டூரிங். கம்ப்யூட்டருக்கு அடித்தளம் போட்ட அதே டூரிங்தான். அவருடைய அம்மா பிறந்தது கோயம்புத்தூர்ப் போத்தனூரில். அம்மாவின் அப்பா மெட்ராஸ் ரயில்வேயில் தலைமை எஞ்சினியர். கோயம்புத்தூர்ப் பிள்ளைகளுக்கு இதைப் பாடமாகவே வைக்கலாம்.

திட்டு வெறும் அலங்காரமும் அல்ல. ஒவ்வொரு திட்டின் ஓரத்தையும் சுற்றி, தோலுக்கு அடியில் ரத்தக்குழாய் ஓடுகிறது. அதிலிருந்து கிளைகள் திட்டுக்குள் பிரிகின்றன. உடல் சூட்டை அந்த வழியாக வெளியேற்றுகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தான்சானியாவில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. திட்டு எவ்வளவு வட்டமாக இருக்கிறது, ஓரம் எவ்வளவு நெளிகிறது என்ற இரண்டும் தாயிடமிருந்து குட்டிக்கு வருகின்றன; முதல் சில மாதங்களில் குட்டி பிழைப்பதற்கும் திட்டின் அமைப்புக்கும் தொடர்பு இருக்கிறது. தாய், குட்டி படங்களை அடுத்தடுத்து வைத்தால் பார்க்கிறவர்களே ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

உடம்பின் குறியை வைத்து ஓர் உயிரை அடையாளம் காண்பது கர்நாடகத்துக்குப் புதிதும் அல்ல. நாகரஹொளே காட்டில் 1990களில் காட்டுயிர் ஆய்வாளர் உல்லாஸ் காரந்த் புலிகளைக் கணக்கெடுத்தது கோடுகளை வைத்துத்தான். பாதையின் இரு ஓரமும் எதிரெதிரே கேமரா கட்டினார்கள். புலிக்கும் இடப்பக்கக் கோடு வேறு, வலப்பக்கக் கோடு வேறு என்பதே காரணம். இன்று நாட்டின் புலிக் கணக்கெடுப்பே இந்த முறையை நம்பி நடக்கிறது. காட்டுக்குள் போய்ப் புலியைப் பார்க்க எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு எங்கே வாய்க்கும்? மெட்ரோவில் மெஜஸ்டிக் போய், 365 பஸ் பிடித்தால் ஒட்டகச்சிவிங்கி இருக்கிறது. அதே பாடத்தை அங்கே படிக்கலாம்.

பலகையில் இன்னொரு வரியும் வேண்டும். ஒட்டகச்சிவிங்கி ஒரே இனம் அல்ல, நான்கு இனம் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2025 ஆகஸ்டில் ஏற்றுக்கொண்டது. வலைபோல மெல்லிய வெள்ளைக் கோடு போட்டது ஒன்று; திராட்சை இலைபோல ஓரம் கிழிந்த திட்டுள்ள மசாய் இன்னொன்று; வடக்கு, தெற்கு என்று மற்ற இரண்டு. நம் பூங்காவில் நிற்பது எந்த இனம், அதன் தாய் தகப்பன் எந்த ஊர்ப் பூங்காவிலிருந்து வந்தவை என்று எழுதி வையுங்கள். கலப்பு என்றால் கலப்பு என்றே எழுதுங்கள்.

செலவென்று பார்த்தால் ஓர் உயிருக்கு இரண்டு போட்டோ, ஒரு பலகை. மைசூரும் பன்னேர்கட்டாவும் இந்தக் கோடை விடுமுறைக்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும். பலகையில் கன்னடத்தோடு தமிழும் இருந்தால், எங்கள் பேட்டைப் பாட்டிமார்களும் பேரப்பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுவார்கள்.