என் காசு கோயிலுக்கு ஆகும், நான் ஆக மாட்டேனா?

இனிமேலும் வாயை மூடிக்கொண்டு இருந்தால் நெஞ்சு வெடித்துத்தான் சாவேன். சொல்லிவிடுகிறேன்.

நான் குவைத்தில் அரபி வீட்டில் வேலை பார்த்தவள். நர்ஸ் இல்லை. சமையல், துணி, கக்கூஸ், பிள்ளை, படுக்கையில் கிடக்கும் கிழவி என்று எல்லாம் பார்த்த வேலைக்காரி. அங்கே ‘கத்தாமா’ என்பார்கள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட்டது ஊர்க்காரர்களான நீங்கள்தான். என் மகள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரிடம் நான் நர்ஸ் என்று சொல்லி வைத்தது என் கூடப்பிறந்த அண்ணன். “கேட்டா அதிகமாப் பேசாத, சிரிச்சிட்டுப் போயிரு” என்று எனக்குப் பாடம் வேறு. நகைக்கும் பந்திக்கும் பந்தலுக்கும் என் தினார் இனித்தது. அந்தத் தினாரைச் சம்பாதித்த கை மட்டும் எப்படி அண்ணே கசந்தது?

முதல் வீட்டில் வாசல்படி தாண்ட விடவில்லை. குப்பை போடப் போகும்போது பார்ப்பதுதான் வானம். போய் இறங்கிய அன்றே பாஸ்போர்ட் கபீல், அதாவது முதலாளி, கைக்குப் போய்விட்டது. வீட்டு வேலைக்காரர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் லீவு, 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, சம்மதமில்லாமல் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்கக் கூடாது என்று 2015-ல் அந்த நாட்டிலேயே சட்டம் போட்டார்கள். மறு வருஷம் குறைந்தது 60 தினார் சம்பளம் என்றும் சொன்னார்கள். போட்டார்கள், சொன்னார்கள். சட்டம் கேட்டுக்கு வெளியே நின்றுகொள்ளும். உள்ளே மேடம் வாய்தான் சட்டம்.

ரமலான் மாதம் பகலில் நோன்பு அவர்களுக்கு, ராத்திரி முழுக்க அடுப்பு எங்களுக்கு. ஸஹர் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்க்கும்போது பாங்கு கேட்கும். அந்தச் சத்தத்துக்கு அடியில், அயர்ன் பண்ணுகிற அறையில் குத்தவைத்து, விரலை மடக்கி மடக்கி அருள்நிறை மரியே சொல்லியிருக்கிறேன். ஜெபமாலை கிடையாது. வந்த அன்றே பையோடு வாங்கி வைத்துவிட்டார்கள். பத்து விரலும் தேய்ந்தது பாத்திரத்தில் மட்டுமா?

இரண்டாவது வீட்டில் இருந்த கிழவிதான் எனக்கு விடிவு. ஐந்து வேளையும் தொழுகிறவர். ஒரு நாள் பாயைச் சுருட்டிக்கொண்டே என்னைப் பார்த்து, நீ உன் சாமியை எப்போது கும்பிடுவாய் என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை, அழுகைதான் வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை டிரைவரைக் கூப்பிட்டு என்னைக் கோயிலில் இறக்கிவிடச் சொன்னார். சட்டம் திறக்காத கதவை ஒரு முஸ்லிம் கிழவி திறந்தார். நான் யாரை மறந்தாலும் அவரை மறக்க மாட்டேன்.

அங்கே எங்களுக்கு வெள்ளிதான் ஞாயிறு. குவைத் சிட்டியில் திருக்குடும்பப் பேராலயம் இருக்கிறது. அமீர் கொடுத்த இடத்தில் 1961-ல் கட்டியது. சவூதியில் இருந்து மாறி வந்த பெண்கள் அதைப் பார்த்ததும் வாசலிலேயே மண்டியிடுவார்கள், ஏனென்றால் சவூதியில் கோயிலே கிடையாது. எங்கள் பெண்கள் மாலியாவில் பஸ்ஸை விட்டு இறங்கி, வேர்வையோடு ஓடி வருவார்கள். கோவாக்காரி, மங்களூர்க்காரி, பிலிப்பைன்ஸ் பெண், சிங்களத்தி, மடு மாதா பேரைச் சொன்னாலே கண் கலங்கும் மன்னார் அக்கா. கடப்பாவில் இருந்து வந்த இந்துப் பெண் ஒருத்தியும் வருவாள். “எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா, இங்க உக்காந்தா யாரும் வேலை ஏவுறதில்லை, அதான் வாறேன்” என்பாள். மெழுகுவர்த்தி ஏற்றுவாள், போவாள். சாமிக்கு அது போதாதா?

அங்கே நான் ஜெபமாலை சொல்லிக் கொடுத்தேன். ஆமாம், இங்கே நம் கோயில் மரியாயின் சேனையில் சேர்க்கத் தயங்குகிறீர்களே, அதே நான்தான். புதிதாக வந்து ராத்திரியெல்லாம் அழுகிற பிள்ளைகளுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். ஒருத்திக்குச் சம்பளம் வராவிட்டால் மற்றவர்கள் தினார் சேர்ப்போம். ஒருத்தி செத்துப்போனால் உடலை ஊருக்கு அனுப்ப உண்டியல் குலுக்குவோம். 2018 பிப்ரவரியில் ஒரு பிலிப்பைன்ஸ் பெண்ணின் உடல், ஆளில்லாத வீட்டு ஃப்ரீசரில் ஒரு வருஷத்துக்கும் மேலாகக் கிடந்தது என்று தெரிந்தது. அந்த வாரம் கோயில் முற்றத்தில் யார் யாரைக் கட்டிப்பிடித்து அழுதோம் என்று எங்களுக்கே தெரியாது. அவள் நாடு கொதித்தது, குவைத்துக்குப் பெண்களை அனுப்புவதையே நிறுத்தி வைத்தது. நான் அன்று ஊருக்குப் போன் செய்து சொன்னேன். “சரி சரி, இந்த மாசப் பணம் எப்பப் போடுவ?” என்று கேட்டான் தம்பி.

எங்களோடு இருந்த இன்னொருத்தி கலிமா சொல்லி முஸ்லிம் ஆனாள். எவன் மயக்கினான், எவ்வளவு கொடுத்தார்கள் என்று அவள் ஊரே கேட்டதாம். காய்ச்சலில் கிடந்தபோது அவள் நெற்றியில் கை வைத்தது யார் என்று கேட்க ஒரு நாதி இல்லை.

என் அம்மா செத்தது ஒரு நோன்பு மாதத்தில். அந்தக் கிழவி அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். அவர் பிள்ளைகள் எனக்கு லீவு தரவில்லை. டிக்கெட்டுக்குத் தோழிகள் காசு சேர்த்துவிட்டார்கள், பாஸ்போர்ட்டை எப்படிச் சேர்ப்பது? அண்ணனைக் கெஞ்சினேன். போனைக் கொஞ்சம் அம்மா முகத்துக்கு நேரே பிடி, பெட்டியை மூடுமுன் ஒரே ஒரு தடவை. “நாலு பேர் நிக்கற இடத்தில வீடியோவா? மானத்தை வாங்காத.” எந்த மானம் அண்ணே? பெட்டி வாங்கின காசு யாருடையது? அந்த வெள்ளிக்கிழமை கோயில் முற்றத்தில் மன்னார் அக்கா என் தலையை வாரிவிட்டாள். கடப்பாக்காரி கறுப்புத் துணி தேடிக் கட்டிக்கொண்டு வந்தாள். என் அம்மா பேரைச் சொல்லி, அவளைக் கண்ணால் பார்க்காத அத்தனை பேரும் ஐம்பத்து மூன்று மணி ஜெபம் சொன்னார்கள். கூடப்பிறந்தவன் செய்யாததை யார் யாரோ செய்தார்கள். எது எனக்கு ஊர்? யார் எனக்கு உறவு? சொல்லுங்கள்.

இப்போது நம் கோயிலுக்கு வருகிறேன். கடற்கரையில் தூரத்திலிருந்தே தெரிகிறதே புதுக் கோபுரம், அதற்கு வெளிநாட்டில் இருப்பவர்களுக்கென்று தனி வரி போட்டீர்கள். கட்டினேன். மணிக்குக் கேட்டீர்கள், கொடுத்தேன். ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாவைப் போனில் பார்த்து, சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு அழுதவள் நான். என் ஊர் மாதாவுக்குக் கொடுக்காமல் யாருக்குக் கொடுப்பேன்? திரும்பி வந்து பார்த்தால், பளிங்குக் கல்லில் ‘உபயம்’ என்று என் அண்ணன் பேர். கமிட்டியில் கேட்டேன். “பொம்பள பேரு கல்லுல எதுக்குக்கா, எல்லாம் ஒரே குடும்பம்தானே” என்று சிரித்தார்கள். ட்யூப் லைட்டில்கூட வெளிச்சம் தெரியாத அளவுக்குப் பேர் எழுதிக்கொள்கிற ஊர் இது!

சரி, கல் போகட்டும். அன்பியக் கூட்டத்துக்கு வந்தால் பேச்சு ஏன் நின்றுபோகிறது? பூசையில் வாசகம் வாசிக்கிறேன் என்றால் ஏன் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கிறீர்கள்? “அங்க நீ எப்படி இருந்தியோ” என்று ஒருத்தி முகத்துக்கு நேரே கேட்டாள். எப்படி இருந்தேன் தெரியுமா? பசியோடு இருந்தேன். இடுப்பு விட்டுப்போய் இருந்தேன். உங்கள் பிள்ளைகளின் ஃபீஸ் கட்டிக்கொண்டு இருந்தேன். நாம் தூக்கிச் சுமக்கிற மாதாவும் கைப்பிள்ளையோடு எகிப்துக்கு ஓடினவள்தான். அந்நிய தேசத்தில் என்ன செய்து பிழைத்தாய் என்று அவளை எவனாவது கேட்டானா? கேட்டுவிட்டா சப்பரத்தில் ஏற்றினீர்கள்?

உங்களுக்கு இரக்கமே இல்லை என்று நான் நினைக்கவில்லை. கடலில் ஆள் காணாமல் போனால் ஊரே கரையில் நின்று விழித்திருப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்தக் கண் எனக்கு மட்டும் ஏன் மூடிக்கொண்டது? நானும் காணாமல்தானே போனேன்?

திருவிழா வரி கேட்டு நேற்று வந்தார்கள். கொடுப்பேன், மாதா காசை நான் மறுக்க மாட்டேன். ஆனால் ரசீதில் அண்ணன் பேர் இல்லை, செத்துப்போன புருஷன் பேர் இல்லை, என் பேரை எழுத வேண்டும். பக்கத்திலேயே எழுதுங்கள், தொழில்: வீட்டு வேலை, குவைத். எழுத முடியாது என்றால் வாசலோடு போய்க்கொள்ளுங்கள்.