ஊர்வலத்தில் இருந்தோம், சட்ட வகுப்பில் எங்கே?



ஷரீஅத்துக்கு ஆபத்து என்றால் கடையை அடைத்துவிட்டுத் தெருவுக்கு வருகிறோம். கண்டனத் தீர்மானம் போடுகிறோம். நல்லது. ஆனால் அதே ஷரீஅத்தைப் பற்றி நீதிமன்றம் என்ன எழுதியது என்று படித்தவர்கள் உங்கள் மஹல்லாவில் எத்தனை பேர்? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்!

ஷாபானு வழக்கையே எடுத்துக்கொள்வோம். 1985 ஏப்ரல் 23-ல் தீர்ப்பு வந்தது. சமுதாயம் கொதித்தெழுந்தது. 1986-ல் முஸ்லிம் பெண்கள் (விவாகரத்து உரிமைகள் பாதுகாப்பு) சட்டம் வந்தது. வெற்றி என்று சொல்லிக் கலைந்தோம்.

பிறகு நடந்தது என்ன? ஷாபானுவுக்காக வாதாடிய வக்கீல் டேனியல் லத்தீபி அந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டார். 2001-ல் உச்சநீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆனால் இத்தா காலத்துக்குள் கணவன் கொடுக்க வேண்டியது அந்த மூன்று மாதச் செலவை மட்டுமல்ல, அவளுடைய எதிர்காலத்துக்கும் சேர்த்து நியாயமான ஏற்பாடு என்று அதற்குப் பொருள் சொன்னது. 2024 ஜூலை 10-ல், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவிலும் அவள் ஜீவனாம்சம் கேட்கலாம் என்றது.

ஊர்வலம் சட்டத்தைக் கொண்டுவரலாம். அதற்குப் பொருள் சொல்வது படித்தவர் கையில் இருக்கிறது! அந்த ஷாபானுவின் கணவரே ஒரு வக்கீல்தான். சட்டம் அறிந்தவன் ஒரு பக்கம், அறியாதவள் மறுபக்கம். நம் வீடுகளில் இன்றும் இதே நிலைதானே?

சட்டக் கல்லூரியில் 'பெண்களும் சட்டமும்' என்று ஒரு பாடம் உண்டு. "அது நம் மார்க்கத்தைக் குறை சொல்லும் பாடமாயிற்றே, நம் பிள்ளைகளுக்கு எதற்கு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். குறை சொல்கிறார்கள் என்றால் பதில் சொல்ல அந்த வகுப்பில் நம் பிள்ளை இருக்க வேண்டாமா? இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுவதும் 2005-லும்தான் வந்தது. முஸ்லிம் மகளுக்கோ 1400 ஆண்டுகளுக்கு முன்பே பங்கு நிர்ணயமாகிவிட்டது. இதை அங்கே எழுந்து சொல்ல யார் இருக்கிறார்கள்?

சொல்லும் முன் இன்னொரு கேள்விக்கும் பதில் வேண்டும். அந்தப் பங்கை நாம் கொடுக்கிறோமா? "நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சே" என்று சகோதரியிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது எந்த ஷரீஅத்?

வியாபாரிகளே! கடன் என்றால் என்ன என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொடுக்கப்படாத மஹர் சட்டப்படி கடன். கணவன் இறந்தால் அதைத் தீர்த்த பிறகே சொத்தைப் பங்கிட வேண்டும். 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடுப்புச் சட்டம் மஹரைத் தனியே விலக்கி வைத்திருக்கிறது. மஹர் குற்றமல்ல, கைக்கூலி குற்றம்! மஹரைப் பேருக்கு எழுதிவிட்டுக் கைக்கூலியை ரொக்கமாக எண்ணி வாங்குகிறவர் இரண்டு சட்டத்துக்கும் பதில் சொல்ல வேண்டியவர்.

1939-ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் தெரியுமா? கணவன் இரண்டு ஆண்டு செலவுக்குக் கொடுக்காவிட்டாலோ, நான்கு ஆண்டு இருக்குமிடம் தெரியாவிட்டாலோ மனைவி நீதிமன்றம் சென்று விடுதலை பெறலாம். மாலிகி மத்ஹபின் கருத்தை ஏற்று வந்த சட்டம் அது. வாழாவெட்டியாகப் பிறந்த வீட்டில் உட்கார்ந்திருக்கும் நம் சகோதரிக்கு இதை யார் சொன்னார்கள்?

"பெண்பிள்ளைக்கு வக்கீல் படிப்பா?" என்று இழுக்காதீர்கள். பத்தனம்திட்டாவில் பிறந்த பாத்திமா பீவியைச் சட்டம் படிக்கத் தூண்டியவர் அவருடைய தந்தை. 1950-ல் வக்கீலாகப் பதிவு செய்த அவர், 1989-ல் உச்சநீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். பிறகு தமிழக ஆளுநராகவும் இருந்தார். அந்தத் தந்தையைப் போல் நம்மில் எத்தனை பேர்?

இளைஞர்களே! இது பெண்களுக்கான பாடம் என்று ஒதுங்காதீர்கள். நாளை ஜமாஅத்தில் பஞ்சாயத்துப் பேசப் போகிறவர்கள் நீங்கள்தான். படிக்காமல் தீர்ப்புச் சொன்னால் பாதிக்கப்படுவது ஒரு பெண்ணின் வாழ்க்கை.

வசதியுள்ளவர்களே! ஒவ்வொரு மஹல்லாவும் ஆண்டுக்கு ஒரு மாணவியையும் ஒரு மாணவனையும் சட்டக் கல்லூரிக்கு அனுப்பட்டும். பந்தலுக்கும் பிரியாணிக்கும் கொட்டுவதில் ஒரு பகுதி போதும்.

நம் சட்டத்தை நாம் படிக்காவிட்டால், அடுத்தவர் படித்து நமக்குச் சொல்வார். அப்போது கோபப்பட நமக்கு என்ன உரிமை இருக்கிறது?