ஏலத்திற்கு வந்த காற்றலைகள்



திண்டுக்கல் பேகம்பூர்ப் பகுதியின் தோல் பதனிடும் கூடங்களில் வேலை செய்வோரின் கைகள் நாள் முழுவதும் ஈரமாகவே இருக்கும். அந்தக் கைகளால் செல்பேசியைத் தொட இயலாது. அலமாரியின் மேல் தூசி படிந்து நிற்கும் வானொலிப் பெட்டிதான் அவர்களுக்கு வேலைத் துணை. கொடைக்கானல் மலையிலிருந்து ஒலிபரப்பாகும் அகில இந்திய வானொலியின் கோடைப் பண்பலை, 100.5 அலைவரிசையில் ஒட்டன்சத்திரத்துக் காய்கறிச் சந்தைக்கும் நிலக்கோட்டைப் பூ வியாபாரிக்கும் வேடசந்தூர்ப் பேருந்து ஓட்டுநருக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்கிறது. கட்டணம் இல்லை, இணையம் வேண்டியதில்லை, எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை.

இத்தகைய ஓர் ஊடகம் கடனில் மூழ்கி ஏலத்திற்கு வரும்போது உண்மையில் விற்கப்படுவது எது? அந்த விற்பனையில் யாருக்கு உரிமை உண்டு? இக்கேள்விகளை நாம் கேட்டாக வேண்டிய காலம் வந்திருக்கிறது.

58 நிலையங்களைக் கொண்ட பிக் எஃப்.எம். குழுமத்தை எடுத்துக்கொள்வோம். சென்னை நேயர்கள் 92.7 அலைவரிசையில் கேட்ட நிலையமும் இதனுடையதே. அனில் அம்பானி குழுமத்தால் தொடங்கப்பட்ட ரிலையன்ஸ் பிராட்காஸ்ட் நெட்வொர்க் நிறுவனம் இதன் உரிமையாளராக இருந்தது. 2019ஆம் ஆண்டில், ரேடியோ சிட்டியை நடத்தும் நிறுவனம் இக்குழுமத்தின் நிலையங்களை 1,050 கோடி ரூபாய் மதிப்பில் வாங்க முன்வந்தது. அந்த ஒப்பந்தம் நிறைவேறவில்லை. 2023 பிப்ரவரியில் நிறுவனம் திவால் தீர்வு நடைமுறைக்குள் சென்றது. 2024 மே மாதத்தில், சபையர் மீடியா என்ற நிறுவனம் 261 கோடி ரூபாய்க்கு அதை எடுத்துக்கொள்ளும் திட்டத்திற்குத் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் மும்பை அமர்வு ஒப்புதல் அளித்தது. ஐந்தே ஆண்டுகளில் மதிப்பு நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது.

இந்தச் சரிவுக்கு ஒரே காரணத்தைச் சொல்லிவிட முடியாது. விளம்பரப் பணம் கைப்பேசித் திரைக்கு இடம் பெயர்ந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் கடைகள் அடைபட்டபோது உள்ளூர் விளம்பரம் அறவே நின்றது. ஆயினும் நோயின் வேர் இவற்றுக்கும் முந்தையது. தனியார் பண்பலையின் முதல் கட்டத்தில் 108 அலைவரிசைகள் ஏலத்திற்கு விடப்பட்டன. அவற்றுள் ஒலிபரப்பைத் தொடங்கி நிலைத்தவை 21 மட்டுமே. வருவாய் எவ்வளவு என்று தெரியும் முன்பே உரிமத்துக்குப் பெருந்தொகை பேசியதும், அக்கட்டணம் ஆண்டுதோறும் உயர்ந்துகொண்டே போனதும் நிறுவனங்களை முறித்தன. 2005இல் வந்த இரண்டாம் கட்டக் கொள்கை, ஆண்டுக் கட்டணத்தை வருவாயில் நான்கு விழுக்காடு என்று மாற்றியது. எனினும் நுழைவுக் கட்டணத்திற்கான ஏலமும், அதற்கெனக் கடன் வாங்கும் பழக்கமும் தொடர்ந்தன. வருமானம் குறையலாம், வட்டி குறைவதில்லை. வட்டியை மார்க்கம் ஏன் இவ்வளவு கடுமையாகத் தடுத்தது என்பதை விளங்கிக்கொள்ள, கடனில் மூழ்கிய ஒரு நிறுவனத்தின் கணக்கேடே போதுமானது.

இனி, விற்பனையில் யாருக்கு என்ன கிடைக்கிறது என்று பார்ப்போம். 2016ஆம் ஆண்டின் திவால் சட்டம், சொத்து கலைக்கப்படும்போது பணம் பகிரப்பட வேண்டிய வரிசையை வகுத்துள்ளது. நடைமுறைச் செலவு முதலில். அடுத்த படியில், பிணையம் பெற்றுக் கடன் கொடுத்தவர்களும், தொழிலாளர்களின் 24 மாத நிலுவையும் சமமாக நிற்கின்றனர். தொழிலாளர் என்ற வரையறைக்குள் வராத ஊழியரின் 12 மாதச் சம்பளம் அதற்கும் கீழே. நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு குரல் கொடுத்தவர், விளம்பர வாசகம் எழுதியவர், ஒலிப்பதிவுக் கூடத்தை வாடகைக்கு விட்டவர் ஆகியோர் இன்னும் தொலைவில் நிற்கின்றனர். நிறுவனத்தின் முகமாக இருந்ததோ அறிவிப்பாளரின் குரல்தான். நேயர் அறிந்தது அவரை, வங்கியை அன்று.

வங்கிகளின் பக்கமும் நியாயம் இருக்கிறது. அவை கொடுத்தது பொதுமக்களின் வைப்புத்தொகை. கடன் திரும்பாது என்றால் அடுத்தவருக்குக் கடன் கிடைக்காது. கடனைத் திருப்பிச் செலுத்துவதில் இஸ்லாம் காட்டும் கண்டிப்பு நாம் அறிந்ததே. அதே மார்க்கம், கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கவும் சொல்கிறது. அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம் இதைத் தெளிவாக்குகிறது. கனிகளை வாங்கி நட்டமடைந்து கடனாளியான ஒருவரின் செய்தியை அபூ ஸயீத் அல்குத்ரி (ரலி) அவர்கள் அறிவிக்க, முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ளது. அவருக்காக அண்ணல் நபி (ஸல்) அவர்கள் முதலில் மக்களிடம் தர்மம் திரட்டச் சொன்னார்கள். அதுவும் கடனை அடைக்கப் போதவில்லை. அப்போது, இருப்பதை எடுத்துக்கொள்ளுமாறும் அதற்கு மேல் எதுவும் இல்லை என்றும் கடன் கொடுத்தோரிடம் கூறினார்கள். சமூகமும் சுமையில் பங்கேற்றது. கடன் கொடுத்தவரும் இழப்பில் பங்கேற்றார். வேலை செய்தவரின் கூலியை வியர்வை உலரும் முன் கொடுத்துவிடச் சொன்ன மார்க்கமும் இதுவே. இந்தச் சமநிலையைத்தான் இன்றைய வரிசையில் நாம் தேடுகிறோம்.

மற்றொன்றும் உண்டு. காற்றலைகள் பொதுமக்களின் சொத்து என்று 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே, நிலையத்தை விற்கும் நிறுவனத்திற்குச் சொந்தமானவை கருவிகளும் பெயரும் உரிமக் காலமும் மட்டுமே. காற்றலை அதனிடம் கொடுக்கப்பட்ட அமானிதம். அமானிதத்தைக் கைமாற்றும்போது உரியவரைக் கேட்க வேண்டாமா? கடன் கொடுத்தோர் குழு வாக்களிக்கிறது. தீர்ப்பாயம் ஒப்புதல் தருகிறது. அமைச்சகத்தின் அனுமதியும் பெறப்படுகிறது. நேயருக்கு மட்டும் அந்த மேசையில் நாற்காலி இல்லை. புதிய உரிமையாளர் செலவைக் குறைக்க உள்ளூர் அறிவிப்பாளர்களை அனுப்பிவிட்டு, பெருநகரத்தில் பதிவு செய்த நிகழ்ச்சியையே எல்லா ஊர்களிலும் ஓடவிட்டால் அந்த நிலையம் பெயரளவில்தான் உள்ளூர் நிலையம்.

திண்டுக்கல்லுக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. 2024 ஆகஸ்ட் 28 அன்று, 234 புதிய ஊர்களில் 730 தனியார் பண்பலை அலைவரிசைகளை ஏலம்விட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மொத்த அடிப்படை விலை 784.87 கோடி ரூபாய். அந்த ஊர்ப் பட்டியலில் திண்டுக்கல்லும் இருக்கிறது. நம் ஊருக்கென ஒரு குரல் வருவதை நாம் வரவேற்கிறோம். ஆனால், கடன் வாங்கி ஏலம் எடுத்து, சில ஆண்டுகளில் கைவிட்டுப் போகும் குரல் நமக்கு வேண்டாம்.

எனவே மூன்று செய்திகளை வலியுறுத்துகிறோம். முதலாவது, சிற்றூர் அலைவரிசைகளுக்கு ஏலத்தொகையைவிட, ஆண்டுகள் பல நடத்திக்காட்டும் திறனே அளவுகோலாக வேண்டும். இரண்டாவது, நிலையம் கைமாறும்போது ஊழியர்களுக்கும் நிகழ்ச்சிக் கலைஞர்களுக்கும் உள்ள நிலுவை தீர்க்கப்பட்ட பின்னரே உரிமம் மாற்றப்பட வேண்டும். மூன்றாவது, உள்ளூர் நிகழ்ச்சிகளுக்கான நேரம் இவ்வளவு என்பது புதிய உரிமையாளரையும் கட்டுப்படுத்த வேண்டும்.

கைப்பேசி இருக்கும்போது வானொலி எதற்கு என்று நம் இளைஞர்கள் கேட்கக்கூடும். 2018 நவம்பரில் கஜா புயல் வீசியபோது மின்சாரமும் கைப்பேசிச் சேவையும் டெல்டா ஊர்களில் நாட்கணக்கில் நின்றுபோயின. மின்கலத்தில் இயங்கும் ஒரு சிறு பெட்டியின் அருமை அத்தகைய இரவுகளில்தான் தெரியும்.

அரசையும் நிறுவனங்களையும் மட்டும் குறை கூறிவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. இலாப நோக்கற்ற அமைப்புகள் சமுதாய வானொலி நடத்த 2006 முதலே அனுமதி உண்டு. ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் சுற்றளவுக்கு அது கேட்கும். நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூரில் உருவாக்கப்பட வேண்டும். பாம்பனில் 2016 முதல் ஒலிக்கும் கடல் ஓசை, மீனவர்களுக்குக் கடலின் நிலையைச் சொல்லி அவர்களில் ஒருவராகவே ஆகிவிட்டது. தோல் தொழிலாளரின் உடல்நலம், பூட்டுத் தொழிலின் இன்றைய நிலை, சின்னாளபட்டி நெசவாளரின் கூலி, சந்தை விலை, அரசு உதவித்தொகைக்கான கடைசி நாள் என நம் வட்டாரத்தில் பேச வேண்டியவை குறைவா என்ன? சமுதாய வானொலி மதப் பிரச்சாரத்திற்கான மேடை அன்று. அப்படி நடத்தவும் விதிகள் இடம் தரா. எல்லாச் சமயத்து மக்களுக்கும் பயன்படும் ஒரு பொதுக் குரலுக்கு ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் தொண்டு நிறுவனங்களும் இணைந்து கைகொடுத்தால், அதுவும் நிலைத்த தர்மமே.

கடனில் தொடங்காத நிலையம் ஏலத்தில் முடிவதில்லை. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களைப் பேணி நடப்போராக, உழைத்தவரின் உரிமையைத் தாமதமின்றி வழங்குவோராக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.