2,400 ரூபாய் பம்ப் காட்டுக்குள்ள கைவிட்ட கதை: சைக்கிள் பயணத்துக்கு எந்தக் காத்துப் பம்ப் வாங்கலாம்?

டேர்ம் இன்சூரன்ஸ் வீடியோவுல பேச்சுவாக்குல "இது என் சைக்கிள் பம்ப் மாதிரி ஆயிடக் கூடாதுங்க"ன்னு ஒரு வார்த்தை விட்டுட்டேன். அது என்ன கதைன்னு நிறைய பேர் கேட்டுட்டீங்க. வீடியோவுல சொன்னா சிரிச்சுட்டுப் போயிடுவோம். எழுதினா கணக்கோட சொல்லலாம்.

துடியலூர்ல இருந்து பன்னிமடை, தடாகம், மாங்கரை வழியா ஆனைகட்டி போற ரோடு இந்தப் பக்கம் சைக்கிள் ஓட்டறவங்களுக்கெல்லாம் பழக்கம். மாங்கரை செக்போஸ்ட் தாண்டினா ரெண்டு பக்கமும் காடு, வளைவு, ஏத்தம். கடை கிடையாது, பஞ்சர் போட ஆள் கிடையாது. யானை நடமாட்டம் உள்ள இடம், வண்டியை நிறுத்தாதீங்கன்னு வனத்துறை போர்டு வெச்சிருக்கும். ஒரு ஞாயித்துக்கிழமை நானும் ஒன்பதாவது படிக்கிற என் பொண்ணும் ஆனைகட்டி போயிட்டு சாயங்காலம் இறங்கிட்டு இருந்தோம். மணி அஞ்சு தாண்டியிருக்கும். அவ சைக்கிள்ல பின் டயர் புஸ்ஸுன்னு போயிடுச்சு. பார்த்தா வேலா முள்ளு.

எனக்குப் பதட்டமே இல்லைங்க. பையில ஸ்பேர் ட்யூப் இருக்கு, டயர் லிவர் இருக்கு, அதுக்கும் மேல 2,400 ரூபாய் குடுத்து வாங்கின பேட்டரி பம்ப் இருக்கு. பட்டனை அமுக்கினா தானா காத்து ஏறும், சொன்ன அளவு வந்ததும் தானா நின்னுடும். டார்ச்சும் அதுலயே, மொபைல் சார்ஜ் போடற பவர் பேங்க்கும் அதுலயே. ட்யூபை மாத்திட்டு பட்டனை அமுக்கினேன். சிவப்பு லைட் மூணு தடவை மின்னுச்சு, அவ்வளவுதான், அணைஞ்சு போச்சு. காலையில ஆனைகட்டியில டீ குடிக்கும்போது போன்ல சார்ஜ் இல்லைன்னு அதுல இருந்துதான் போட்டிருந்தேன்.

"அப்பா, இப்ப என்ன பண்றது?"ன்னு கேட்டா. பதில் சொல்லத் தெரியல. ரெண்டு சைக்கிளையும் தள்ளிட்டு நடக்க ஆரம்பிச்சோம். யானை வந்துடுமோன்னு பயந்துக்கிட்டே திரும்பித் திரும்பிப் பார்த்தா, வந்தது குட்டியானை. டாடா ஏஸ்ங்க. தேங்காய் இறக்கிட்டு காலியாத் திரும்பற வண்டி. "ஏனுங்க, பொழுது போற நேரத்துல புள்ளைய வெச்சுக்கிட்டு இங்க நிக்கறீங்க?"ன்னு அந்த அண்ணன் ஒரு அதட்டு அதட்டி, சைக்கிளையும் எங்களையும் ஏத்தித் தடாகத்துல இறக்கி விட்டார். காசு வாங்கல, ஒரு டீ மட்டும் குடிச்சார்.

அந்தப் பம்ப்பைக் குறை சொல்ல மாட்டேன். இன்னிக்கும் வீட்டுல கார், ஸ்கூட்டருக்கெல்லாம் அதுலதான் அடிக்கறேன். தப்பு என்னோடது. அவசரத்துக்குன்னு வெச்ச பொருள்ல இருந்து அவசரம் இல்லாத வேலைக்கு எடுத்துச் செலவு பண்ணிட்டேன். எமர்ஜென்சி ஃபண்ட்ல கை வெச்சு ஆடித் தள்ளுபடியில டிவி வாங்காதீங்கன்னு உங்களுக்குச் சொல்ற ஆளு, காட்டுக்குள்ள அதையேதான் பண்ணியிருக்கேன்.

அதனால என் கருத்தை நேராச் சொல்லிடறேன். பயணத்துக்குக் கொண்டு போற பம்ப் இன்சூரன்ஸ் மாதிரி. அதுக்கு ஒரே ஒரு வேலைதான் இருக்கணும். இன்சூரன்ஸும் வேணும், சேமிப்பும் வேணும்னு எண்டோமென்ட் பாலிசி எடுத்து ரெண்டுமே அரைகுறையா முடிஞ்சவங்க நம்மள்ல எத்தனை பேர்! டார்ச், பவர் பேங்க், பம்ப் மூணும் ஒண்ணுன்னா, நமக்கு வேண்டிய அன்னிக்கு வேண்டிய அந்த ஒண்ணு இருக்காது. பேட்டரி பம்ப் வெச்சிருக்கறவங்க தாராளமா வெச்சுக்கங்க, ஆனா அதை நம்பித் தனியா காட்டு ரோட்டுக்குப் போகாதீங்க. கையால அடிக்கிற பம்ப் ஒண்ணு கூட இருக்கட்டும்.

ஒரு நிமிஷம். இது எல்லாருக்கும் தேவையான்னு கேட்டா, தேவையில்லை. துடியலூர்ல இருந்து காந்திபுரம் வரைக்கும்தான் ஓட்டறேன்னா மேட்டுப்பாளையம் ரோட்டுல எங்க பஞ்சர் ஆனாலும் தள்ளிட்டுப் போற தூரத்துல ஒரு கடை இருக்கும். உங்களுக்குக் கையில கொண்டு போற பம்ப் வீண் செலவு. அந்தக் காசுக்கு மீட்டர் வெச்ச, கீழ வெச்சு அடிக்கிற பெரிய பம்ப் ஒண்ணு வீட்டுக்கு வாங்குங்க. வாரம் ஒரு தடவை காத்து சரியா இருந்தாலே பாதிப் பஞ்சர் வராது.

காட்டுல மாட்டின அடுத்த வாரமே நான் இன்னொரு தப்பும் பண்ணினேன். ஆன்லைன்ல 299 ரூபாய்க்கு ஒரு குட்டிப் பம்ப். வால்வு மேல நேரா மாட்டி அடிக்கிற மாடல், நடுவுல ரப்பர் குழாய் கிடையாது. வீட்டு வாசல்ல சோதிச்சுப் பார்த்தேன். ஒவ்வொரு அடிக்கும் வால்வு இப்படியும் அப்படியும் ஆடுது. அம்பதாவது அடியிலயோ என்னவோ, வால்வு அடியில ட்யூபே கிழிஞ்சு போச்சு. அந்த இடத்துல கிழிஞ்சா பேட்ச் நிக்காது, ட்யூபைத் தூக்கிப் போட வேண்டியதுதான். 299ல மிச்சம் பிடிக்கப் போய் புது ட்யூப் ஒண்ணு தண்டம். மூணாவதா 850 ரூபாய்க்குக் குழாய் வெச்ச கைப் பம்ப் வாங்கினேன். மொதல்லயே அதை வாங்கியிருந்தா 2,700 ரூபாய் மிச்சம்.

பம்ப் ஊர்க்காரங்க நாம. மோட்டார் பம்புன்னா எத்தனை ஹெச்பி, எத்தனை அடி ஆழம், எத்தனை இஞ்ச் டெலிவரின்னு கேட்காம வாங்க மாட்டோம். காத்துப் பம்ப் மட்டும் கலர் பார்த்து வாங்கறோம். அதுக்கும் கணக்கு இருக்குங்க.

மொதல்ல உங்க டயர் பக்கவாட்டுல எழுதியிருக்கற பிஎஸ்ஐ அளவைப் பாருங்க. மொத்த டயர் வெச்ச எம்டிபி சைக்கிளுக்கு 35, 40 போதும். மெல்லிசு டயர் வெச்ச ரோட் பைக்குக்கு 80, 100 வேணும். 100 பிஎஸ்ஐன்னா ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ அழுத்தம். பம்ப் உருளையோட உள் விட்டம் 2 செ.மீ. இருந்தா கடைசி அடிகள்ல நீங்க 22 கிலோ எடைக்குச் சமமா அமுக்கணும். விட்டம் 3 செ.மீ. ஆச்சுன்னா கிட்டத்தட்ட 50 கிலோ! குண்டுப் பம்ப்பை ரோட் பைக்குக்கு வாங்கினவங்க பாதியிலயே கை ஓய்ஞ்சு நிக்கறது இதனாலதான்.

எம்டிபிக்கு அப்படியே தலைகீழ். 26 இஞ்ச் சக்கரம், 2 இஞ்ச் அகல டயர்னா 40 பிஎஸ்ஐக்கு ஏறக்குறைய 10 லிட்டர் காத்து உள்ள போகணும். 15 செ.மீ. நீளத்துக்கு இழுக்கற ஒல்லிப் பம்ப் ஒரு அடிக்கு 47 மில்லிதான் தள்ளும், அதாவது இருநூறு தடவைக்கு மேல அடிக்கணும். 3 செ.மீ. உருளைன்னா அதுல பாதிக்கும் குறைவு, 40 பிஎஸ்ஐக்கு கையில வர்ற பாரமும் 20 கிலோதான். காத்துக் கசிவெல்லாம் சேர்த்தா நிஜத்துல இன்னும் கொஞ்சம் கூடும். ஆக மொத்த டயருக்குக் குண்டுப் பம்ப், மெல்லிசு டயருக்கு ஒல்லிப் பம்ப். பெட்டி மேல "160 பிஎஸ்ஐ"ன்னு போட்டிருந்தா அது பம்ப் தாங்கற அளவு, உங்க கை தாங்கற அளவு இல்லை.

அடுத்தது வால்வு. பைக், கார்ல இருக்கற மாதிரி தடிச்ச வால்வு பெரும்பாலான கியர் சைக்கிள்ல வருது, பேரு ஷ்ரேடர். ஒல்லியா, நுனியில குட்டி நட் வெச்சது பிரெஸ்டா, ரோட் பைக்ல இருக்கும். அப்பா காலத்துச் சைக்கிள்ல இருக்கற பழைய வால்வு மூணாவது ரகம். ரெண்டு தலை வெச்ச பம்ப் வாங்கினா மொத ரெண்டுக்கும் ஆகும். பிரெஸ்டா இருந்தா சின்னப் பித்தளை அடாப்டர் ஒண்ணு பையில போட்டு வைங்க, பெட்ரோல் பங்க்லயும் அடிச்சுக்கலாம். லாரிக்கு அடிக்கிற கம்ப்ரசர்ல மட்டும் சைக்கிளை விடாதீங்க, ரெண்டு செகண்டுல டமார்னு வெடிச்சிடும்.

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் பத்திக் கேப்பீங்க. ரேஸ் ஓட்டறவங்களுக்கு அது சரி, அரை நிமிஷத்துல வேலை முடியும். ஆனா ஒரு சிலிண்டர் ஒரு தடவையோட சரி, ரெண்டாவது பஞ்சருக்குக் கையில ஒண்ணும் இருக்காது. அந்த வாயு ரப்பர் வழியா சீக்கிரம் கசியும், அடுத்த நாள் திரும்பக் காத்து அடிக்கணும். நமக்கு வேண்டாம்.

வாங்கினதும் பையில போட்டு மறந்துடாதீங்க. ஒரு நாள் வீட்டு வாசல்ல பின் சக்கரத்தைக் கழட்டி, காத்தை முழுசாப் பிடுங்கிட்டுத் திரும்ப அடிச்சுப் பாருங்க. டயர் உள்பக்கம் விரலால மெதுவாத் தடவி முள்ளை எடுக்காம புது ட்யூப் போட்டா அதுவும் அஞ்சு நிமிஷத்துல போகும். ட்யூபுக்கு உருவம் வர்ற அளவுக்கு நாலு அடி அடிச்சுட்டு அப்புறம் டயருக்குள்ள திணிங்க, மடிப்பு விழாது. பிரெஸ்டான்னா நுனி நட்டைத் தளர்த்தி ஒரு தட்டு தட்டிக் காத்து வருதான்னு பாருங்க. திருகி மாட்டற குழாயா இருந்தா கழட்டும்போது வால்வோட உள் கம்பியும் சேர்ந்து கழண்டு, அடிச்ச காத்தெல்லாம் போயிடும். எனக்கு ரெண்டு தடவை ஆச்சு. கிளம்பறதுக்கு முன்னாடியே அந்தக் கம்பியைக் குறடு வெச்சு லேசா இறுக்கிடுங்க. குட்டிப் பம்ப்ல வர்ற மீட்டரை ரொம்ப நம்ப வேண்டாம். வீட்டுப் பம்ப்ல சரியா அடிச்சுட்டு கட்டை விரலால அமுக்கிப் பழகுங்க, அந்தக் கைக்கணக்கு ரோட்டுல உதவும்.

போன மாசம் அதே ரோடு, அதே நாங்க ரெண்டு பேர். இந்தத் தடவை மாங்கரைக்கு முன்னாடியே என் சைக்கிள் பஞ்சர். "நீங்க உக்காருங்கப்பா"ன்னு சொல்லிட்டு பாப்பாவே பம்ப்பை எடுத்தா. நூத்திப் பதினெட்டு அடி. அவதான் சத்தமா எண்ணினா. அந்த 850 ரூபாய் பம்ப் இப்ப அவ பையிலதான் இருக்கு. எனக்கு இன்னொண்ணு வாங்கணும்.