வாத்தியார் இடத்தில் பெட்டியா?



"கலப்புக் கல்வி" என்றொரு புதுச் சரக்கை டில்லி சர்க்கார் கடை விரித்திருக்கிறது. 2021 மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட நகல் அறிக்கை என்ன சொல்லிற்று? நூற்றுக்கு 40 பங்கு பாடத்தை இணையத்தில் படி. மீதி 60 பங்கை வகுப்பில் படி! "ஸ்வயம்" இணையப் பாடங்களுக்கு 2016-இல் 20 சதவிகிதமாக இருந்த வரம்பும் 2021-இல் 40 ஆயிற்று. நாளை எவ்வளவோ?

"எங்கிருந்தும் படிக்கலாம், எப்போதும் படிக்கலாம்" என்கிறார்கள். யார் படிக்கலாம்? தென்னேரி வயலில் நாற்று நடும் கூலிக்காரியின் மகளா? வகுப்பறையும் விளக்கும் சர்க்கார் செலவு. படிப்பை வீட்டுக்குத் தள்ளிவிட்டால் கைபேசியும் ரீசார்ஜும் நம் செலவு! கலப்பின் ரகசியம் இதுதான்.

கொரோனா காலத்தை மறந்துவிட்டோமா? 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-இல்தான் திறந்தன. கல்வித் தொலைக்காட்சி பாடம் நடத்திற்று. பெட்டி பேசிற்று; பிள்ளை கேட்ட சந்தேகம் பெட்டியின் காதில் விழவில்லை. வீட்டிலிருந்த ஒரே கைபேசியோ வேலைக்குப் போன அப்பன் சட்டைப் பையில்!

பிறகு, 2021 அக்டோபரில் தமிழக அரசே "இல்லம் தேடிக் கல்வி" என்று தன்னார்வலர்களைத் தெருத்தெருவாக அனுப்பியது. விட்டுப்போன படிப்பை மீட்க மனிதர்தான் வேண்டுமென்று ஒப்புக்கொண்டதாகாதா? ஆனால் அவர்களுக்குத் தந்தது மாதம் 1,000 ரூபாய்! இது கூலியா, பிச்சையா?

நாம் இயந்திரத்துக்கு விரோதிகளல்ல. காஞ்சிபுரம் தறியில் ஜக்கார்டு பெட்டி ஏறியது; நெசவாளி இறங்கிவிட்டானா? பெட்டி இழையைத் தூக்கும். அறுந்த இழையைக் கண்டு முடிச்சுப் போடுவது மனிதக் கண்ணும் கையும்தான். இணையமும் ஆசிரியர் கையில் கருவியாக இருக்கட்டும். ஆசிரியர் நாற்காலியில் உட்கார வேண்டாம்!

தேசிய வருமானத்தில் 6 சதவிகிதத்தைக் கல்விக்கு ஒதுக்கு என்று 1966-இலேயே கோத்தாரி கமிஷன் சொன்னது. 2020 கல்விக் கொள்கையும் அதையே எழுதி வைத்தது. ஏட்டில் எழுதியது கஜானாவிலிருந்து வரவில்லை. பணம் ஒதுக்க மனமில்லாதவர்கள்தான் "கலப்பு" பேசுகிறார்கள்!

காலி ஆசிரியர் இடங்களை நிரப்பு! கருவியும் இணையமும் இலவசமாகக் கொடு! தன்னார்வலர் பெயரால் உழைப்பைச் சுரண்டாதே!

ஆலை வாசலிலும் களத்துமேட்டிலும் இதைப் பேசுங்கள். நம் பிள்ளைகளின் படிப்பை நாம் கேட்காமல் வேறு யார் கேட்பார்?