தலைநகரின் ‘முதல்வர் தொகுதி’யில் குறைந்துவரும் வாக்காளர்கள்: புது தில்லி தேர்தல் கணக்கு சொல்வது என்ன?

புது தில்லி: தில்லி சட்டப்பேரவையின் 70 தொகுதிகளில், ‘முதல்வர் தொகுதி’ என்ற பெயரை நீண்டகாலம் தக்கவைத்திருந்தது புது தில்லி தொகுதி. 1998 முதல் 2020 வரை நடைபெற்ற ஆறு தேர்தல்களிலும் இங்கு வென்றவரே தில்லியின் முதல்வரானார். முதல் மூன்று முறை காங்கிரஸின் ஷீலா தீட்சித். அடுத்த மூன்று முறை ஆம் ஆத்மி கட்சியின் அரவிந்த் கேஜரிவால்.

2025 பிப்ரவரி தேர்தலில் இந்தத் தொடர்ச்சி முறிந்தது. கேஜரிவாலை 4,089 வாக்குகள் வித்தியாசத்தில் தோற்கடித்த பாஜகவின் பர்வேஷ் வர்மா அமைச்சராகவே இடம்பெற்றார். ஷாலிமார் பாக் தொகுதியில் வென்ற ரேகா குப்தா முதல்வராகப் பொறுப்பேற்றார். எனினும், இத்தொகுதியில் நிகழ்ந்துள்ள முக்கிய மாற்றம் முதல்வர் பதவியைப் பற்றியது மட்டுமன்று. வாக்களிப்போரின் எண்ணிக்கையே இங்கு தொடர்ந்து சுருங்கி வருகிறது.

வாக்குகள் எங்கே சென்றன?

2025 தேர்தலில் பர்வேஷ் வர்மா 30,088 வாக்குகளும், கேஜரிவால் 25,999 வாக்குகளும், காங்கிரஸின் சந்தீப் தீட்சித் 4,568 வாக்குகளும் பெற்றனர். பர்வேஷ் வர்மா முன்னாள் முதல்வர் சாகிப் சிங் வர்மாவின் மகன். சந்தீப் தீட்சித், ஷீலா தீட்சித்தின் மகன். முன்னாள் முதல்வர் ஒருவரும் முன்னாள் முதல்வர்களின் புதல்வர்கள் இருவரும் மோதிய போட்டி என்பதால் நாடு முழுவதும் இது கவனிக்கப்பட்டது.

காங்கிரஸ் பெற்ற வாக்குகள் வெற்றி வித்தியாசத்தைவிட அதிகம் என்பதால், வாக்குப் பிரிவே கேஜரிவாலின் தோல்விக்குக் காரணம் என்ற விளக்கம் உடனடியாக எழுந்தது. அது கணக்கின் ஒரு பகுதி மட்டுமே. 2020-இல் கேஜரிவால் 46,758 வாக்குகள் பெற்றிருந்தார். ஐந்தாண்டுகளில் அவர் இழந்தவை 20,759 வாக்குகள். இதே காலத்தில் பாஜகவுக்குக் கூடுதலாகக் கிடைத்தவை 5,027 வாக்குகள், காங்கிரஸுக்கு 1,348. இரு கட்சிகளின் கூடுதல் வாக்குகளையும் சேர்த்தாலும் கேஜரிவால் இழந்ததில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. ஏறத்தாழ 14,000 வாக்குகள் எந்தப் பெரிய கட்சியின் கணக்கிலும் சேரவில்லை.

சற்றுப் பின்னோக்கிப் பார்த்தால் இந்தப் போக்கு மேலும் தெளிவாகிறது. மூன்று முதன்மைக் கட்சிகளின் வேட்பாளர்கள் சேர்ந்து 2015-இல் பெற்ற வாக்குகள் 87,624. அது 2020-இல் 75,039 ஆகவும், 2025-இல் 60,655 ஆகவும் குறைந்தது. பத்தாண்டுகளில் சுமார் 27,000 வாக்குகள் குறைந்துள்ளன.

வாக்காளர்களின் ஆர்வக்குறைவு இதற்குக் காரணமாகத் தெரியவில்லை. 2020-ஐவிட 2025-இல் இங்கு வாக்குப்பதிவு சதவீதம் சற்று உயர்ந்தே இருந்தது. குறைந்தது வாக்காளர் பட்டியல். 2020-இல் சுமார் 1.46 லட்சமாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை, 2025-இல் சுமார் 1.09 லட்சமானது.

கோல் மார்க்கெட் முதல் புது தில்லி வரை

தில்லிக்கு 1952-இல் 48 உறுப்பினர்களைக் கொண்ட சட்டப்பேரவை அமைந்தது. மாநிலங்கள் மறுசீரமைப்பின்போது 1956-இல் அது கலைக்கப்பட்டது. 1991-ஆம் ஆண்டின் 69-ஆவது அரசமைப்புச் சட்டத் திருத்தத்துக்குப் பின்னர், 70 தொகுதிகளுடன் 1993-இல் மீண்டும் தேர்தல் நடைபெற்றது.

இன்றைய புது தில்லி தொகுதியின் முன்னோடி கோல் மார்க்கெட் தொகுதி. 1993-இல் இங்கு வென்றவர், 1983 உலகக் கோப்பை கிரிக்கெட் அணியில் இடம்பெற்ற கீர்த்தி ஆஸாத். பாஜக ஆட்சியில் ஐந்தாண்டுகளில் மூன்று முதல்வர்கள் மாறினர். வெங்காய விலை விண்ணைத் தொட்டது. 1998 தேர்தலில் கீர்த்தி ஆஸாதை வென்ற ஷீலா தீட்சித் முதல்வரானார். 2003-இல் கீர்த்தி ஆஸாதின் மனைவி பூனம் ஆஸாதை அவர் தோற்கடித்தார். தொகுதி மறுவரையறைக்குப் பின் ‘புது தில்லி’ என்ற பெயரில் நடந்த 2008 தேர்தலில், பாஜகவின் விஜய் ஜாலியை வென்று மூன்றாவது முறையாக முதல்வரானார்.

2013-இல், முதன்முறையாகத் தேர்தல் களம் கண்ட கேஜரிவால் அவரை 25,864 வாக்குகள் வித்தியாசத்தில் வீழ்த்தினார். 2015-இல் பாஜகவின் நூபுர் சர்மாவைவிட 31,583 வாக்குகள் அதிகம் பெற்றார். 2020-இல் வித்தியாசம் 21,697.

இடைப்பட்ட 2014, 2019 மக்களவைத் தேர்தல்களில், இத்தொகுதியை உள்ளடக்கிய புது தில்லி மக்களவைத் தொகுதியில் பாஜகவின் மீனாட்சி லேகி வென்றார். மக்களவைக்கு ஒரு கட்சி, சட்டப்பேரவைக்கு மற்றொரு கட்சி என்ற பகுப்பு இப்பகுதியில் நிலவியதை இது உணர்த்துகிறது.

பணியோடு வந்து பணியோடு செல்வோர்

இத்தொகுதியின் வாக்காளர்களில் கணிசமானோர் மத்திய அரசு ஊழியர்களும் அவர்களது குடும்பத்தினரும் ஆவர். கோல் மார்க்கெட், லோதி காலனி, சரோஜினி நகர், கித்வாய் நகர் போன்ற பகுதிகளின் அரசுக் குடியிருப்புகளில் தமிழ்க் குடும்பங்களும் பல தலைமுறைகளாக வாழ்ந்துள்ளன. மந்திர் மார்க், லோதி எஸ்டேட், லட்சுமிபாய் நகர் ஆகிய இடங்களில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் அமைந்தது அந்த வரலாற்றின் அடையாளம்.

அரசுக் குடியிருப்பில் வசிப்பவர் ஓய்வு பெற்றாலோ வேறு ஊருக்கு மாற்றப்பட்டாலோ வீட்டைக் காலி செய்ய வேண்டும். அவரோடு அக்குடும்பத்தின் வாக்குகளும் இடம்பெயர்கின்றன. முன்பெல்லாம் அந்த வீட்டுக்கு மற்றொரு குடும்பம் குடிவந்ததால் பட்டியல் பெரிதும் மாறாமல் இருந்தது. இப்போது வீடுகளே இடிக்கப்பட்டு வருகின்றன.

சரோஜினி நகர் உள்ளிட்ட ஏழு அரசுக் குடியிருப்புகளை மறுநிர்மாணம் செய்யும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2016 ஜூலையில் ஒப்புதல் அளித்தது. 12,970 பழைய வீடுகளுக்குப் பதிலாக சுமார் 25,600 புதிய வீடுகள் என்பது அதன் இலக்கு, மதிப்பீடு ரூ.32,835 கோடி. மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து 2018-இல் போராட்டங்களும் நீதிமன்ற வழக்குகளும் எழுந்தன. ஏழு குடியிருப்புகளும் இத்தொகுதிக்குள் அடங்கியவை அல்ல. ஆனால், பழைய வீடுகள் காலியாவதற்கும் புதிய வீடுகளில் ஆள் குடியேறுவதற்கும் இடையே பல ஆண்டுகள் கழிகின்றன. சரோஜினி நகரை ஒட்டிய நவ்ரோஜி நகரில் வீடுகள் இருந்த இடத்தில் வணிக வளாகமே எழுந்துள்ளது.

இதன் அரசியல் தாக்கம் 2025 ஜனவரியில் வெளிப்பட்டது. வாக்காளர்களை நீக்கக் கோரி பெருமளவில் விண்ணப்பங்கள் அளிக்கப்படுவதாக ஆம் ஆத்மி குற்றம்சாட்டியது. போலி வாக்காளர்கள் சேர்க்கப்படுவதாக பாஜக கூறியது. இரு கட்சிகளும் தேர்தல் ஆணையத்தை அணுகின.

அரசு ஊழியர் வாக்குகளை ஈர்க்கும் சூழலும் அப்போது நிலவியது. எட்டாவது ஊதியக் குழுவை அமைக்க ஜனவரி 16-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. பிப்ரவரி 1 நிதிநிலை அறிக்கையில் ரூ.12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு வரி இல்லை என்ற அறிவிப்பு வந்தது. வாக்குப்பதிவு பிப்ரவரி 5-இல் நடந்தது.

எஞ்சியிருப்போரின் குரல்

தொகுதியின் பெரும்பகுதி புது தில்லி மாநகராட்சிக் குழுவின் (என்டிஎம்சி) நிர்வாகத்தில் உள்ளது. தில்லியின் பிற பகுதிகளைப் போல இங்கு வார்டு உறுப்பினர் தேர்தல் கிடையாது. குழுவின் தலைவரை மத்திய அரசே நியமிக்கிறது. அக்குழுவில் இடம்பெறும் சட்டப்பேரவை உறுப்பினர்தான், மக்களவை உறுப்பினருக்கு அடுத்தபடியாக, குடிமக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பும் பிரதிநிதி.

குடிநீர், துப்புரவு, குடிசைப் பகுதி வசதிகள் ஆகியவற்றுக்கு அவரையே அணுக வேண்டியவர்கள், பணிமாற்றத்தில் செல்லும் அதிகாரிகள் அல்லர். துப்புரவுத் தொழிலாளர்கள், வீட்டு வேலை செய்வோர், சிறு வியாபாரிகள் போன்ற எளிய மக்கள். மந்திர் மார்க்கில் உள்ள வால்மீகி குடியிருப்பில் காந்தியடிகள் 1946-47-இல் தங்கியிருந்தார். 2014 அக்டோபர் 2-இல் தூய்மை இந்தியா இயக்கத்தைத் தொடங்கியபோது பிரதமர் மோடியும் அங்கு துடைப்பம் ஏந்தினார். ஊழியர் குடும்பங்கள் குறையக் குறைய, இத்தகைய குடியிருப்புகளின் வாக்குகளுக்கு எடை கூடுகிறது. 4,089 வாக்குகளில் முடிவு மாறும் தொகுதியில் அதை எந்தக் கட்சியும் புறக்கணிக்க இயலாது.

அடுத்து என்ன?

2025-இல் தில்லியின் மிகப் பெரிய தொகுதியான விகாஸ்புரியில் சுமார் 4.6 லட்சம் வாக்காளர்கள் இருந்தனர். அங்குள்ள நான்கு வாக்குகளுக்கு, புது தில்லியின் ஒரு வாக்கு ஏறத்தாழ ஈடாகிறது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அடிப்படையில் வரையப்பட்ட எல்லைகள், நகரம் புறநகர்களை நோக்கி வளர்ந்த பின்னரும் தொடர்வதன் விளைவு இது.

2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடத்தப்படும் என 2025 ஜூனில் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. அதையடுத்து தொகுதி மறுவரையறை எதிர்பார்க்கப்படுகிறது. கணக்கெடுப்பாளர்கள் வரும்போது புதிய அடுக்குமாடி வீடுகளில் ஊழியர் குடும்பங்கள் குடியேறியிருந்தால் தொகுதி ஓரளவு பழைய உருவில் நீடிக்கலாம். அவை பூட்டியே கிடந்தால், 2008-இல் கோல் மார்க்கெட் தொகுதிக்கு நேர்ந்ததைப் போல, அண்டைப் பகுதிகளோடு இணைந்து வேறு எல்லையும் வேறு பெயரும் பெற வாய்ப்புண்டு.