கேட்பது முதலில், ஒட்டுவது கடைசியில்



பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கொழும்புக்கும் இரங்கூனுக்கும் பொருள் தேடிச் சென்றவர்களின் வழித்தோன்றல்கள் நம்மில் பலர். அத்தகைய வீடுகளின் பரணில் ஒரு தகரப் பெட்டியேனும் இருக்கும். அதனுள் நூலால் கட்டிய கடிதங்கள், ஓரம் மடங்கிய நிழற்படங்கள், எதற்கென்று தெரியாத ரசீதுகள். ‘ஒரு நாள் இவற்றையெல்லாம் ஒழுங்காக ஓர் ஆல்பத்தில் சேர்த்துவிட வேண்டும்’ என்று நாம் சொல்லாத ஆண்டில்லை. அந்த ஒரு நாள் வந்தாலும், எதை முன்னே செய்வது, எதைப் பின்னே செய்வது என்று அறியாமல் தொடங்கி நான்கு பக்கங்களோடு நிறுத்திவிடுகிறோம். பிறரைக் குறை கூற இதை எழுதவில்லை. எனக்கு நேர்ந்ததையே கூறுகிறேன்.

என் உம்மாவின் தந்தையார், நாங்கள் நன்னா என்று அழைத்தவர், 1950-களிலும் 1960-களிலும் பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதி வந்தார். சில ஆண்டுகளுக்கு முன் மதரஸாவின் ரமளான் விடுமுறையில் அவருடைய பெட்டியைத் திறந்தேன். ஏறத்தாழ இருநூறு கடிதங்களும் படங்களும் இருந்தன. ஆர்வ மிகுதியால் அன்றே ஆல்பம் வாங்கி, பசை வாங்கி, முதல் பக்கத்தை அலங்கரிக்கத் தொடங்கினேன். பத்து நாட்களில் நான்கு பக்கங்களே முடிந்தன. நான்காம் பக்கத்தில், கப்பித்தான் கெளிங் பள்ளிவாசல் முன் நான்கு இளைஞர்கள் நிற்கும் படத்தை நன்றாகப் பசை தடவி ஒட்டினேன்.

மறுநாள் உம்மா கேட்டார்கள்: “பின்பக்கம் நன்னா பேர் எழுதியிருப்பாரே, பார்த்தியா?”

மெல்லப் பிரித்தேன். அரபுத் தமிழில் எழுதப்பட்டிருந்த நான்கு பெயர்களில் இரண்டு பசையோடு உரிந்து போயின. எஞ்சியவற்றுள் ஒன்று நன்னாவின் பெயர். மறைந்துபோன அந்த இருவர் யாரென்று சொல்லக்கூடியவர் என் பெரியம்மா ஒருவரே. அவரோ இரண்டு மாதங்களுக்கு முன்னர்தான் காலமாகியிருந்தார்.

அதன்பின் ஆல்பத்தை மூடிவைத்துவிட்டு, வேலையின் வரிசையை அடியோடு மாற்றினேன். அவ்வரிசையையே இங்குத் தருகிறேன்.

பொருளைச் சுருக்குக

‘எங்கள் குடும்பம்’ என்று தலைப்பிட்டால் ஆயுள் முழுவதும் போதாது. ‘நன்னாவின் பினாங்கு நாட்கள்’ என்று சுருக்கியதும் பாதி வேலை குறைந்தது. அத்தலைப்பில் அடங்காதவற்றை வேறோர் உறையில் இட்டுவைத்தேன். எதையும் எறிய வேண்டாம். அது அடுத்த ஆல்பத்துக்கு உதவும். இருபத்து நான்கு பக்கங்கள், பக்கத்துக்கு மூன்று பொருட்களுக்கு மிகாமல் என்று முன்னரே வரையறுத்துக்கொண்டால் தேர்ந்தெடுப்பதும் எளிதாகும்.

பெரியவர்களிடம் கேட்க

ஒவ்வொரு படத்தின் பின்னாலும் ஓரத்தில் மென்மையான பென்சிலால் எண்ணிடுங்கள். பேனா வேண்டாம். மை ஊறும், அழுத்தம் முன்பக்கம் தெரியும். பின்னர் ஒரு குறிப்பேட்டுடன் வீட்டின் மூத்தவர் அருகில் அமருங்கள். எண்ணுக்கு நேரே அவர் சொல்வதை அவர் சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஒரே அமர்வில் அவரைக் களைப்படையச் செய்ய வேண்டாம். நாளுக்கு அரைமணி நேரம் போதும்.

காலத்தை அறிக

தேதியற்ற உறைகளும் காலத்தைச் சொல்லும். நம் நாட்டு அஞ்சல்தலையில் விலை அணாவில் இருந்தால் அது 1957 ஏப்ரலுக்கு முன் அச்சானது. ‘நயா பைசா’ என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. முகவரியில் ஆறிலக்க பின்கோடு இருந்தால் அக்கடிதம் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. அங்கிருந்து வந்த தலையில் ‘மலேசியா’ என்றிருந்தால் 1963 செப்டம்பருக்குப் பிந்தியது. ‘ரஜூலா’ கப்பலின் பயணச்சீட்டு கிடைத்தால், அக்கப்பல் 1973-ல் ஓய்வுபெற்றதை நினைவிற்கொள்ளுங்கள். ஆண்டுக்கோர் உறை வைத்துப் பிரித்தால் ஒரே மாலையில் இருநூறும் வரிசைக்கு வந்துவிடும்.

பரப்பிப் பார்க்க

ஜமுக்காளத்தை விரித்து, எல்லாப் பக்கங்களுக்கும் உரியவற்றை ஒரே நேரத்தில் பரப்புங்கள். எது மிகுதி, எது குறைவு என்பது கண்ணுக்குத் தெரியும். அப்போதே அலைபேசியில் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்துக்கொண்டால் பின்னர் வரிசை குழம்பாது. கடிதங்களையும் இருபுறமும் படமெடுத்து, வெளியூரிலுள்ள உடன்பிறந்தார்க்கு அனுப்பிவிடுங்கள். ஒரு பிரதி கெட்டாலும் மற்றொன்று எஞ்சும்.

ஒரே வேலையைச் சேர்த்துச் செய்க

ஒரு பக்கத்தை முழுதாக முடித்து அடுத்ததற்குச் செல்வதே காலத்தை விழுங்குகிறது. கத்தரிப்பதை எல்லாப் பக்கங்களுக்கும் ஒருநாள் செய்யுங்கள். குறிப்புகள் எழுதுவதை மறுநாள். பொருத்துவதைக் கடைசி நாள். பத்து நாட்களில் நான்கு பக்கங்கள் கண்ட நான், இம்முறை இருபத்து நான்கு பக்கங்களை மூன்று மாலைகளில் முடித்தேன்.

ஒட்டாமல் பொருத்துக

படங்களின் நான்கு மூலைகளையும் சிறு காகித முக்கோணங்களில் செருகினால் போதும். வேண்டும்போது எடுத்துப் பின்பக்கம் பார்க்கலாம். செல்லோடேப் நாளடைவில் மஞ்சளாகிக் கறை விடும். மைதாப் பசை பூச்சிகளை அழைக்கும். நீலநிற விமானக் கடிதத்தில் இருபுறமும் எழுத்திருக்கும். ஒட்டினால் பாதிச் செய்தி போயிற்று. காகிதத்தால் ஒரு பை செய்து அதில் வையுங்கள். செய்தித்தாள் துணுக்குகள் தாமும் பழுத்து, அருகிலுள்ள தாளையும் பழுக்கச் செய்யும். அவற்றை நகலெடுத்து நகலையே சேருங்கள். அமிலமற்ற தாளாலான ஆல்பம் கிடைத்தால் அதுவே சிறந்தது.

இறுதியாக ஒன்று. நன்னிமார் எழுதிய கடிதங்கள் பல அரபுத் தமிழில் உள்ளன. இன்று நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அதைப் படிப்பார்கள்? கடிதத்தின் அருகே அதே சொற்களைத் தமிழ் எழுத்தில் பெயர்த்து எழுதிவையுங்கள். வீட்டில் படிக்கத் தெரிந்தவர் இல்லையெனில், ஊரில் உள்ள பழைய ஆலிம்களையோ ஓதிக்கொடுத்த மூதாட்டிகளையோ அணுகுங்கள். மகிழ்ந்து படித்துச் சொல்வார்கள்.

என் ஆல்பத்தில் அந்தப் பள்ளிவாசல் படம் இன்று பதினோராம் பக்கத்தில் இருக்கிறது. கீழே இரண்டு பெயர்கள் எழுதி, இரண்டு இடங்களை வெறுமையாக விட்டிருக்கிறேன். பார்க்கும் உறவினரிடமெல்லாம் அவர்கள் யாரென்று கேட்கிறேன். இதுவரை விடை இல்லை.

உங்கள் ஆல்பத்தில் அத்தகைய வெற்றிடம் வேண்டாம். ஆல்பத்தை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம். இந்த வாரம் பெட்டியை இறக்கி, வீட்டின் மூத்தவர் அருகில் வைத்து, “இது யாரு?” என்று கேளுங்கள்.